மூன்றாம் வகுப்புச் சுவரில் இரவல் படம்

பத்துப் பேர் கூடிய இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. நாற்பதைத் தாண்டிய பிறகும், இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த பிறகும், பெரியவர்கள் நடுவில் நான் அப்படித்தான். பிள்ளைகளிடம் மட்டும் பேச்சு தடையில்லாமல் வரும். எழுதுவதற்குக் குரல் வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் எதிரில் நின்றபோது ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கீழப்பழுவூருக்கும் திருமானூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்று நடந்துவந்தது. எட்டாவது தேறிய பெண்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு வருஷம் பழக்கி, சர்க்கார் பரீட்சைக்கு அனுப்புவார்கள். அதில் தேறினால் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலைக்குப் போகலாம். நான் அங்கே இரண்டாம் வருஷத்தில் இருந்தேன்.

எங்கள் ஊர் ஆண்டிமடம் பக்கம். அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் முந்திரிக்காடும், அதைவிடப் பெரிய பிடிவாதமும் இருந்தன. என்னைப் படிக்க அனுப்பியதே எங்கள் பங்குச் சாமியார் மூன்று தடவை வீட்டுக்கு வந்து கேட்டதால்தான். எனக்கு அடுத்தவள் ஒரு தங்கச்சி. அவளும் எட்டாவது முடித்துவிட்டு, நான் வெளியே வந்ததும் அதே பள்ளிக்கூடத்தில் சேர்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளிடம் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: ஆனி மாசம் பள்ளிக்கூடம் திறக்கும்போது இடம் கிடைத்தால் போ, கிடைக்காவிட்டால் அத்தை மகன் இருக்கிறான், கல்யாணம். தங்கச்சிக்கு அத்தை மகனைப் பிடிக்காது. பிடிக்காததற்கு அவள் சொல்லும் காரணங்களைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அவள் சிரிக்கமாட்டாள்.

அந்த வருஷம் எங்கள் பள்ளியின் அங்கீகாரம் முடிகிறது என்று மார்கழியில் தெரியவந்தது. சில வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சியிலிருந்து இன்ஸ்பெக்டரம்மா வந்து பார்த்து, பயிற்சி கொடுக்கத் தகுந்த இடம்தான் என்று எழுதினால்தான் பள்ளி தொடர்ந்து நடக்கும். அவர் இல்லை என்று எழுதிவிட்டால் நாங்கள் பரீட்சையே எழுதமுடியாது. இரண்டு வருஷப் படிப்பு வீண். புதிதாகப் பெண்களைச் சேர்க்கவும் முடியாது. இரண்டும் என் தலையில்தான் விழும் என்று எனக்குத் தோன்றியது. எனக்குப் பரீட்சை, தங்கச்சிக்கு இடம்.

எங்கள் பள்ளியின் நிலைமை அப்படி ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பயிற்சிப் பள்ளியோடு சேர்ந்து ஒரு மாதிரிப் பள்ளி இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் ஐந்து வகுப்பு. நாங்கள் அவர்களுக்குப் பாடம் நடத்தித்தான் பழகவேண்டும். ஓடு வேய்ந்த நீளக் கூடம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே மூங்கில் தட்டி. ஒரு வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் அடுத்த வகுப்பும் சேர்ந்து சொல்லும். பூகோள உருண்டை கிடையாது. தேசப்படம் என்று ஒன்று இருந்தது. அதில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. தராசு இல்லை, மணிச்சட்டம் இல்லை. யுத்த காலமானதால் காகிதத்துக்கும் தட்டுப்பாடு. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் மணலில் விரலால்தான் எழுதினார்கள்.

இது எங்கள் பள்ளியின் கதை மட்டுமில்லை. அரியலூரைச் சுற்றியும் பெரம்பலூர் போகிற வழியிலும் இருந்த, சர்க்கார் உதவி பெறும் பள்ளிகள் பெரும்பாலும் இப்படித்தான். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பள்ளி உருண்டை வாங்கும், இன்னொன்று தேசப்படம் வாங்கும், வேறொன்று தராசு. எந்தப் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறாரோ, அந்தப் பள்ளிக்கு மற்றவர்களுடைய சாமான்கள் எல்லாம் முதல் நாள் மாட்டுவண்டியில் வந்து இறங்கும். ஆய்வு முடிந்தால் அடுத்த பள்ளிக்கு வண்டி புறப்படும். அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் கதிர் பொறுக்கப் போய்விட்டால், பக்கத்து ஊரிலிருந்து ஒரு வண்டிப் பிள்ளைகளும் வருவதுண்டு. யாரும் இதை ஏமாற்று வேலை என்று நினைக்கவில்லை. ஒருவருக்கொருவர் ஒத்தாசை, அவ்வளவுதான்.

எங்கள் தலைமையாசிரியை இந்த வண்டி வரவேண்டாம் என்றார். அவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை, சுருக்கமான பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சி மாதா கோயில் பூசைக்கு எங்களை நடத்திக் கூட்டிப்போவார். வழியில் ஒருத்தியையும் தலைகுனிந்து நடக்க விடமாட்டார். என்னைத்தான் அதிகம் நிமிர்த்தியிருக்கிறார்.

பள்ளியை நடத்தும் பொறுப்பில் இருந்த மானேஜர் ஐயா நிலபுலம் உள்ளவர். பள்ளிக் கட்டடமே அவருடைய அப்பா கட்டிக்கொடுத்ததுதான். மனசில் உள்ளதை அடக்கிவைக்கத் தெரியாதவர். பெரிய டீச்சர் வண்டி வேண்டாம் என்றதும் ஆபீஸ் அறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு ஒரு காலை நேரம் முழுக்க வாதாடினார். நாங்கள் தட்டிக்கு இந்தப் பக்கம் பாடக் கருவிகளுக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"ஊருல ஒரு கல்யாணம்னா தெருவே அண்டா குண்டா குடுக்குதா இல்லியா? அதுவும் பொய்யா டீச்சரம்மா?"

"அண்டாவுல பேரு வெட்டியிருக்குங்கய்யா. யாரு வூட்டு அண்டான்னு பந்தியில உக்காந்தவன் குனிஞ்சு பாத்தாலே தெரியும். நாம அப்படிப் பேரு எழுதி வைப்பமா?"

"எழுதித்தான் வையுங்களேன்."

"எழுதி வச்சா குடுத்தவங்க கதி என்னங்க ஆவும்? அவங்களும் இரவல் சாமானத்தான் எங்களுதுன்னு போன வருசம் காட்டியிருக்காங்க. நம்ம நல்ல பேருக்கு அவங்கள மாட்டிவுடறதா?"

மானேஜர் ஐயா எழுந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இருவது பொண்ணுங்க வாழ்க்க இது. உங்க மனசாட்சிக்கு மட்டும் வேல வச்சிட்டுப் போவாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கு எனக்கு அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது.

பெரிய டீச்சர் எங்களை மாலையில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். பரீட்சை போனாலும் போகலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. இருக்கிறதை வைத்து நடத்துங்கள், போன வாரம் உங்கள் கையில் இருந்தது மட்டும் அன்றைக்கும் கையில் இருக்கட்டும், வராத பிள்ளைகளுக்கு வந்ததாகக் குறி போடவேண்டாம் என்றார். அவ்வளவையும் மெதுவான குரலில்தான் சொன்னார். எங்களில் சிலர் அழுதார்கள். பெரம்பலூரிலிருந்து வந்து படித்த ஒருத்தி, எனக்கு நெருங்கிய சிநேகிதி, விடுதிக்குத் திரும்பும்போது, "டீச்சருக்கு மோட்சம் நிச்சயம். நமக்குத்தான் சர்டிபிகேட் நிச்சயமில்ல" என்றாள். சிரித்துவிட்டு எல்லாரும் மறுபடி அழுதோம்.

தை பிறந்து சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும்போது இன்ஸ்பெக்டரம்மா வருவதாகத் தகவல் வந்தது. மாதிரிப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வயலில் இருந்தார்கள். பயிற்சிப் பெண்களில் யார் யார் எந்தப் பாடம் நடத்துவது என்று பெரிய டீச்சர் பிரித்துக்கொடுத்தார். எனக்கு மூன்றாம் வகுப்பு பூகோளம். ஜில்லாவின் ஆறுகள். வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

நான் படம் இல்லாமல் பூகோளம் நடத்தப்போகிறேன் என்பது எப்படியோ மானேஜர் ஐயா காதுக்குப் போயிருக்கிறது.

ஆய்வுக்கு முதல் நாள் சாயங்காலம் வண்டி வந்துவிட்டது. யாரும் அனுப்பச் சொல்லவில்லை. வழக்கப்படி அவர்களாக அனுப்பிவிட்டார்கள். வைக்கோல் மெத்தையில் உருண்டை உட்கார்ந்திருந்தது. அதன் தலையில் வழியில் வாங்கிய ஒரு பூசணிக்காய் இடித்துவிடாமல் சாக்கு சுற்றியிருந்தார் வண்டிக்காரர். பெரிய டீச்சர் அவருக்குச் சாப்பாடு போட்டார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார், அனுப்பிய பள்ளிக்காரர்களுக்கு மரியாதையாக நன்றி சொல்லி வண்டியை அப்படியே திருப்பி அனுப்பினார். வண்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "சாமான்ல எதுனா கொறையாங்கம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

ஊர் எல்லையில் மானேஜர் ஐயா வண்டியை நிறுத்தியது எங்களுக்குத் தெரியாது. அவர் எல்லாவற்றையும் இறக்கவில்லை. ஒரே ஒரு படத்தை மட்டும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, விடியற்காலை நாங்கள் ஜெபத்தில் இருந்த நேரம் பார்த்து ஆளை விட்டு மூன்றாம் வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டார். பின்னால் அவரே சொன்னார்: "வாயும் இல்ல, படமும் இல்ல, இந்தப் புள்ள என்னா பண்ணும்னு நெனச்சேன்." என் மேல் அவருக்கு அவ்வளவு இரக்கம்.

நான் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருச்சிராப்பள்ளி ஜில்லா முழுவதும் சுவரில் தொங்கியது. துணியில் ஒட்டி, மேலே மெருகு பூசி, மேலும் கீழும் உருட்டுக் கட்டை வைத்த பெரிய படம். காவேரியும் கொள்ளிடமும் நீலமாக ஓடின. பச்சைமலை பழுப்பு நிறத்தில் இருந்தது. நான் அப்படி ஒரு படத்தை அதுவரை பார்த்ததில்லை.

கூச்சமுள்ளவர்களுக்கு ஒரு படம் எவ்வளவு பெரிய உதவி என்று மற்றவர்களுக்குத் தெரியாது. கையில் ஒரு குச்சி இருந்தால் போதும், பாதி நேரம் சுவரைப் பார்த்து நின்று பேசிவிடலாம். அந்த ஆசை எனக்கு வந்தது. பெரிய டீச்சர் சொன்னதும் ஞாபகம் வந்தது. படத்தைக் கழற்றலாம் என்றால் எட்டவில்லை. யாரையாவது கூப்பிடலாம் என்றால், தட்டிக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டரம்மாவின் குரல் கேட்டுவிட்டது.

அவர் அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸில் வந்திருந்தார். அந்த பஸ்கள் மேட்டில் ஏறாமல் நின்றுவிடும். ஆட்கள் இறங்கி நடக்கவேண்டும். அவர் சேலைக் கரையில் செம்மண் அப்பியிருந்தது. கனமான உடம்பு, மூக்குக் கண்ணாடி, பட்டணத்துப் பேச்சு. பெரிய டீச்சர் அவருக்குப் பின்னால் வந்தார். உள்ளே வந்ததும் பெரிய டீச்சரின் கண் சுவருக்குப் போனது. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிறல். என்னைப் பார்த்தார். நான் இல்லை என்பது போலத் தலையை ஆட்டினேனா, ஆட்ட நினைத்தேனா, தெரியாது.

"ஆரம்பிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு.

நான் பிள்ளைகளை எழுந்து வந்து வட்டமாக உட்காரச் சொன்னேன். நாங்கள் வழக்கமாகச் செய்வது அதுதான். தரையில் ஆற்றுமணல் பரப்பி வைத்திருப்போம். அதில் விரலால் கொள்ளிடத்தைக் கீறி, அதில் வந்து சேரும் மருதையாற்றைக் கீறி, ஊருக்கு ஒரு புளியங்கொட்டை வைப்போம். பிள்ளைகள் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். ஒன்றிரண்டு பேர் திரும்பித் திரும்பிப் படத்தைப் பார்த்தார்கள். துணிந்து அப்படிச் செய்தேன் என்று சொன்னால் சரியாக இருக்காது. அந்தப் படத்தை என் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது, மணலைத் தெரியும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், போன வாரம் அது என் கையில் இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். "இவ்வளவு நல்ல படம் இருக்கிறது. ஏனம்மா மண்ணில் வரைகிறாய்?"

நான் எழுந்து நின்றேன்.

"அது எங்களுது இல்லீங்க."

இன்ஸ்பெக்டரம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுடையது இல்லையா? அப்படியானால் யாருடையது?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. எந்தப் பள்ளி தேசப்படம் வாங்கியது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கீழ்க் கட்டையில் அவர்கள் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்த தடம்கூட இருந்தது. சொல்லக் கூடாது என்று நினைத்தேனா, சொல்ல வாய் வரவில்லையா என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும்தான். கீழே புளியங்கொட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இன்னொரு தடவை கொஞ்சம் கடுமையாகக் கேட்டார். அப்போதும் நின்றேன்.

பெரிய டீச்சர் பேசினார். "படம் எங்களுது இல்லைங்கம்மா. இங்க மாட்டுனது இப்ப உள்ள வந்தப்பதான் எனக்குத் தெரியும். யாருதுன்னு எனக்கும் தெரியும். எங்களுக்கு உதவியா இருக்கும்னு நெனச்சுக் குடுத்தவங்க, அதனால சொல்ல மாட்டேன். எங்க பள்ளிக்கூடத்துல உருப்படியான தேசப்படம் கெடையாதுன்னு நீங்க எழுதிக்கணும்."

இன்ஸ்பெக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார் என்று எனக்குத் தோன்றியது. அவர் மற்ற பள்ளிகளில் விசாரித்திருந்தால் கண்டுபிடித்திருக்க முடியும். அந்தப் படத்தை அவரே வேறு எங்காவது பார்த்திருக்கவும் கூடும். திரும்பவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பாடத்தை நடத்தம்மா" என்று மட்டும் சொன்னார்.

பாடம் நடந்தது. நன்றாக நடந்தது என்று சொல்லமாட்டேன். குரல் நடுங்கியது, மருதையாறு பச்சைமலையில் பிறக்கிறது என்று சொல்லவேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். இன்ஸ்பெக்டரம்மா குனிந்து ஒரு சிறுமியிடம், கொள்ளிடம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். அவள் யோசிக்காமல், "எங்க மாமா வூட்டுக் கொல்லப்பக்கமாப் போவுதுங்க" என்றாள். அப்புறம் எங்கே போகிறது என்றதற்கு, "அதுக்கப்புறம் மாமா போவ வுடமாட்டாருங்க, முதல இருக்குன்னு" என்றாள். இன்ஸ்பெக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு குரல் கொஞ்சம் சரியானது.

சாயங்காலம் அவர் புறப்படும்போது மானேஜர் ஐயா எலுமிச்சம்பழமும் மாலையுமாக வாசலில் நின்றார். காலையில் நடந்தது அவர் காதுக்கு வந்திருந்தது. மாலையைக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "படத்த மாட்டுனது நான்தாங்க. டீச்சரம்மாவுக்கும் தெரியாது, அந்தப் புள்ளைக்கும் தெரியாது. அவங்க பேருல எதுவும் எழுதிடாதீங்க" என்றார். ஊரில் யாருக்கும் அவர் கை கட்டி நின்று நான் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டரம்மா அரியலூர் போக ஏற்பாடு செய்திருந்த மாட்டுவண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, "அடுத்த முறை வாங்கி மாட்டுங்கள் ஐயா" என்றார். வண்டி போய்விட்டது. மானேஜர் ஐயா பெரிய டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு முடிவு தெரியாமல் இருந்த நாட்கள்தான் கஷ்டமாக இருந்தன. விடுதியில் பெண்கள் யாரும் என்னை ஏசவில்லை. ஆனால் நான் பக்கத்தில் போனால் பேச்சு மாறும். என் பெரம்பலூர்ச் சிநேகிதிதான் கேட்டுவிட்டாள். சோளக் களியைப் பிசைந்துகொண்டே, "ஏண்டி, ரெண்டு வருசமா உப்பு வேணும்னு கேக்கவே ஒனக்கு வாய் வராது. அன்னிக்கின்னு பாத்து எப்படி வந்துச்சு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "தெரியலன்னா சரி. தெரிஞ்சு செஞ்சிருந்தா ஒன்ன கெணத்துல தள்ளியிருப்பேன்" என்று சொல்லி, தன் தட்டிலிருந்த கருவாட்டுத் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். அதிலிருந்து மற்றவர்களும் பழையபடி பேச ஆரம்பித்தார்கள். அந்தக் கருவாட்டுக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

மாசிக் கடைசியில் உத்தரவு வந்தது. பெரிய டீச்சர் எங்களைக் கூடத்தில் உட்காரவைத்து அதை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். நல்லதை மட்டும் படிக்கவில்லை. தட்டிகள் போதாது, உருண்டை இல்லை, தேசப்படம் இல்லை, கிணற்றுக்குச் சுவர் வேண்டும். பூகோளப் பாடம் நடத்திய பெண்ணின் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. அந்த இடத்திலும் அவர் நிறுத்தவில்லை. அதே குரலில் வாசித்தார். பள்ளியில் சொல்வதை நம்பலாம், வருகைப் பதிவுகள் உள்ளபடி இருக்கின்றன என்றும் ஒரு வரி இருந்தது. முடிவில், ஒரு வருஷத்துக்கு மட்டும் அங்கீகாரம். இப்போது படிப்பவர்கள் பரீட்சை எழுதலாம். குறைகளைச் சரிசெய்து மறுபடி ஆய்வு நடக்கும் வரை புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது.

எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். நானும்தான். அப்புறம்தான் கடைசி வாக்கியம் எனக்கு உறைத்தது. புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது.

பரீட்சை எழுதிவிட்டு ஊருக்குப் போனேன். முந்திரி பொறுக்கும் காலம். தங்கச்சி காட்டிலிருந்து வந்தாள். கையெல்லாம் முந்திரிப் பால் பட்டுத் தோல் உரிந்திருந்தது. நான் நடந்ததை ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பொறந்ததுலேந்து ஒரே ஒரு தடவ வாயத் தொறந்த. அதுவும் எனக்கு எதிராவா தொறக்கணும்?"

சொல்லிவிட்டுக் காட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அத்தை வீட்டுக்கு ஆள் போய் வந்துகொண்டிருந்தது. அவளுக்காக அப்பாவிடம் பேசவேண்டும் என்று நான் பல தடவை போய் நின்றேன், நின்றுவிட்டுத் திரும்பினேன்.

வைகாசியில் பரீட்சை முடிவு வந்தது. நான் தேறியிருந்தேன். பெரிய டீச்சரே விசாரித்து, கீழப்பழுவூர் பக்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலைக்கு ஏற்பாடு செய்து, அதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கே வந்தார். ஆண்டிமடம் வரை பஸ், அங்கிருந்து வெயிலில் நடை. அப்பாவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் வயசுப் பெண் வேற்றூரில் தனியாக எப்படி இருப்பாள் என்று இழுத்தார். பெரிய டீச்சர் மோரைக் குடித்துவிட்டு, தனியாக வேண்டாம், தங்கச்சியைத் துணைக்கு அனுப்புங்கள் என்றார். ஒரு வருஷம் அக்காவுக்குத் துணையாக இருக்கட்டும், அடுத்த வருஷம் நாங்கள் சேர்க்க முடிந்தால் முதல் இடம் அவளுக்கு, முடியாவிட்டால் உங்கள் விருப்பம் என்றார். முடியும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தால் அப்பா நம்பியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். "ஒரு வருசம்தான்" என்றார் அப்பா. தங்கச்சி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் முதுகில் கிள்ளினாள்.

அப்படி நாங்கள் இருவரும் கீழப்பழுவூர் பக்கம் ஒரு வாடகை அறையில் குடியிருந்தோம். அவள் சமைப்பாள், நான் பள்ளிக்கூடம் போய் வருவேன். என்னுடைய மாணவர்களின் குறும்புகளை அவள்தான் என்னிடம் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். அந்த வருஷம் எங்கள் பழைய பள்ளியில் கிணற்றுச் சுவர் எழும்புவதாகவும், கூடத்தில் தட்டிக்குப் பதில் செங்கல் சுவர் வைப்பதாகவும் கேள்விப்பட்டோம். மானேஜர் ஐயா தன் சொந்த வீட்டுக்கு என்று இறக்கிவைத்திருந்த செங்கல் அது. அவரும் பெரிய டீச்சரும் எப்போது மறுபடி பேச ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. சுவரின் உயரத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள் என்று என் சிநேகிதி சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த தை மாசம் மறுபடி ஆய்வு நடந்தது. சேர்க்கலாம் என்று உத்தரவு வந்துவிட்டதாக, பஸ்ஸில் வந்த ஒரு ஆளிடம் பெரிய டீச்சர் சொல்லி அனுப்பினார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தங்கச்சிக்குச் செய்தி முன்னாலேயே தெரிந்திருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. அரிசியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, அன்னிக்கி நீ அந்தப் படம் எங்களுதுதான்னு சொல்லியிருந்தா, நான் போன வருசமே சேந்திருப்பேன் இல்ல?"

ஆமாம் என்றேன்.

"சேந்து, நானும் ரெண்டு வருசம் அந்தப் பொய்யவே சொல்லிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றாள். "எனக்கு அவ்வளவு ஞாபகசக்தி கெடையாது."

சொல்லிவிட்டு, உலையில் அரிசியைப் போட எழுந்து போனாள்.